பதிவேட்டில் இல்லாத பிள்ளை

அத்தியாயம் 17

சுகுணாவைப் பெட்டியும் கையுமாக நிறுத்திவிட்டுத்தான் போன வாரம் நாம் விடைபெற்றோம். அந்தப் பெட்டி மேலக்குடிப்பட்டி துணை சுகாதார நிலையத்தின் பின்கட்டு அறையில், கட்டிலுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பிரித்து அடுக்கவும் மனமில்லை, தூக்கிக்கொண்டு கிளம்பவும் உத்தரவில்லை.

நான்கு வருஷமாக அவள் இந்த ஊருக்குக் கிராம சுகாதார செவிலியர். ஊர் வாயில் நர்சம்மா. கணவன் திருப்பதி கீரமங்கலத்தில் பூ விவசாயம் செய்கிறான். விடிவதற்குள் மல்லிகையைப் பறித்து மார்க்கெட்டில் சேர்க்க வேண்டியவன், அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த ஊருக்கு வந்து என்ன செய்வான்? மகள் இலக்கியா அங்கே, அவன் அக்கா அமிர்தவல்லியின் வளர்ப்பில் இருக்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சுகுணா பஸ் ஏறுவாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவாள். வாரத்தில் அவள் அம்மாவாக இருப்பது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதிலும் பாதி, துணி துவைப்பதில் போய்விடும்.

இன்று மாற்றல் கவுன்சிலிங். கீரமங்கலம் பக்கத்துச் செவிலியர் ஆரோக்கியம்மாள் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் காலி. சீனியாரிட்டி பட்டியலில் சுகுணாவுக்கு மேலே இருப்பவர்கள் இரண்டே பேர். புதுக்கோட்டையில் மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

புதன்கிழமையாகப் பார்த்துக் கவுன்சிலிங் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது, வாங்கிக்கொண்டு அழப்போகிற கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஆகவே காலை ஒன்பது மணிக்கு, ஊருக்குப் போகக் கட்டிய நல்ல புடவையோடு, சுகுணா ஐஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசம் கழிச்சுக் கொண்டாந்திருக்கே. அட்டையில தேதி போட்டுக் குடுத்தேன்ல?"

திட்டு வாங்கிய அந்தத் தாய், குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தேன்க்கா. அங்கிட்டு உள்ள நர்சம்மா, நீங்க போட்டிருப்பீங்கன்னு நெனச்சுட்டாங்க. எங்க மாமியா, அங்கிட்டுப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க."

"நல்லா நெனச்சீங்க எல்லாரும். பெத்தவ நீ என்ன நெனச்சே?"

குழந்தைக்கு ஊசி போட்டு முடித்ததும் சுகுணா தன் நீலப் பேனாவை எடுத்தாள். அலறிக்கொண்டிருந்த பிள்ளையின் புறங்கையில் ஐந்து இதழ் வைத்து ஒரு பூ வரைந்தாள். கூட்டத்தில் ஊசி போட்ட பிள்ளை எது, போடாத பிள்ளை எது என்று குழம்பாமல் இருக்க அவள் ஆரம்பித்த வழக்கம் அது. இப்போது ஊசியைவிடப் பூ பிரபலமாகிவிட்டது. ஊசி இல்லாமல் பூ மட்டும் கேட்டு வரும் வாண்டுகளும் உண்டு. அந்த விஷயத்தில் சுகுணா கறார். ஊசி போட்டால்தான் பூ.

பதினொரு மணிக்குக் கூட்டம் குறைந்தது. புவனேஸ்வரி உள்ளே வந்து, தோளில் மாட்டியிருந்த பையை இறக்கி வைத்தாள். பிரஷர் மெஷினும், சுகர் பார்க்கும் கருவியும், மாத்திரைப் பொட்டலங்களும் அடங்கிய பை.

புவனேஸ்வரி இந்த ஊர்ப் பெண். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர். யார் மாத்திரையை விழுங்குகிறார்கள், யார் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆறு வருஷத்துக்கு முன் இந்த நிலையம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த காலத்தில், அன்னவாசல் ரோட்டு முக்கில், ஒரு வேனுக்குள் பிள்ளை பெற்றவள். சுகுணா வந்து பூட்டைத் திறந்த அன்றைக்கே, "நான் ஏதாச்சும் செய்யட்டுமாக்கா?" என்று வந்து நின்றவள்.

அவளை நர்ஸாக்கிப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சுகுணா அலைந்தாள். ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துச் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். கடைசியில் திருச்சியில் இரண்டு வருஷப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. கடிதம் போன வாரம்தான் வந்தது.

"திங்கக்கெழமை பத்து மணிக்கு அங்க இருக்கணும். பெட்டி வாங்கிட்டியா, இல்ல என்னோட பழசைத் தரவா?" என்று கேட்டாள் சுகுணா.

புவனேஸ்வரி மாத்திரைப் பொட்டலங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள். "நான் போகலக்கா."

"என்னது?"

"நீங்களும் போயி, நானும் போயிட்டா இந்தக் கதவு மறுபடியும் பூட்டிக்கும்."

"ஏன் பூட்டுது? பக்கத்து ஊரு நர்சு கூடுதல் பொறுப்புல வருவாங்க."

"புதன்கிழமை வருவாங்க. மத்த நாளு? நம்ம வீரய்யா மாமா மயங்கி விழுந்தது வெள்ளிக்கிழமை. எனக்கு வலி எடுத்த அன்னிக்கும் புதன்கிழமை இல்லக்கா."

சுகுணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதுக்குத்தான்டி ஒன்னைப் படிக்கச் சொல்றேன். வெளியூர்லேருந்து வர்ற என்னை மாதிரி ஆளெல்லாம் பெட்டியைக் கட்டி வச்சுக்கிட்டேதான் இருப்போம். இந்த ஊரு ஆளு படிச்சிட்டு வந்தாத்தான் இந்த ஊருல நிக்கும்."

"படிச்சிட்டு வர்ற வரைக்கும் யாராச்சும் இங்க நிக்கணும்ல? நீங்க நாலு வருஷம் நின்னுட்டீங்க. போதும்க்கா. நீங்க பாப்பாகிட்டப் போங்க. நான் அடுத்த வருஷம் பாத்துக்கிறேன்."

"அடுத்த வருஷம் ஒனக்கு இதே சீட்டை எடுத்து வச்சிருப்பாங்களா?"

புவனேஸ்வரி எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று சுகுணாவுக்குத் தெரியும். கடிதம் வந்த அன்று அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இதே அறையில் இரண்டு சுற்று சுற்றினாள். அந்த முகம் இப்போது வாடிப்போய், பொட்டலங்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. ஆரோக்கியம்மாள்.

"சுகுணா, நாந்தான். கவுன்சிலிங்குக்குக் கெளம்பிட்டியா?"

"இந்தா, கெளம்பணும்க்கா."

"ஒனக்குத்தான் கெடைக்கும். மாதாகிட்ட வேண்டியிருக்கேன். ரெஜிஸ்டருக்கெல்லாம் அட்டை போட்டு வச்சுட்டேன், ஒங்கிட்டக் குடுத்துட்டுப் போகலாம்னு. ஒரே ஒரு பென்சில்தான் பாக்கி."

"என்ன பென்சில்?"

"உறுதி இல்லாததைப் பென்சில்ல எழுதுவேன்னு ஒனக்குத்தான் தெரியுமே. ஒன் மக இலக்கியாவுக்கு அஞ்சு வயசு முத்தடுப்பு ஊசி. 'தாயார் செவிலியர், அங்கே போடப்பட்டது'ன்னு பென்சில்ல எழுதியிருக்கேன். தேதி மட்டும் சொல்லு, பேனாவால எழுதி முடிச்சிடறேன்."

சுகுணாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. "நான் போடலையேக்கா. நீங்கதானே போட்டீங்க? போன வருஷம், ஸ்கூல்ல வச்சு?"

அந்தப் பக்கம் பதிவேட்டின் தாள்கள் வேகமாகப் புரளும் சத்தம் கேட்டது.

"நான் போடலம்மா. ஊசிக்கு வரிசையில நின்னுச்சு. கையைப் பாத்தேன், ஒன் பூ இருந்துச்சு. நீ பிள்ளைங்க கையில போடுற பூதான் வாட்ஸ்அப்புல ஊருக்கே தெரியுமே. சரி, அம்மா போட்டு அனுப்பியிருக்குன்னு வகுப்புக்குப் போகச் சொல்லிட்டேன்."

"நான் இலக்கியாவுக்குப் பூவே போட்டதில்லக்கா."

"மாதாவே! அப்ப அந்தப் பூ எங்கிட்டிருந்து வந்துச்சு?"

சுகுணாவுக்கும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். வருகிற ஒன்பதாம் தேதி இலக்கியாவுக்கு ஏழு வயது முடிகிறது. ஏழு முடிந்தால் இந்த ஊசி கிடையாது. இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளின் ஊசித் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நர்சம்மாவின் ஒரே மகள், இரண்டு ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு முன்னால், "பெத்தவ நீ என்ன நெனச்சே?" என்று ஒருத்தியைக் கேட்டோமே என்று நினைத்தபோது, அந்தப் பெண்ணைத் தேடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மினி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனைதான்.

போன வருஷம் அமிர்தவல்லி போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இன்னிக்கு ஸ்கூல்ல ஊசி போட்டாங்களாம் சுகுணா." அப்போது இங்கே ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருந்த நேரம். "சரி அண்ணி, காச்சல் வந்தா மாத்திரை குடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மறுநாள் காய்ச்சலே வரவில்லை என்று கேட்டுச் சந்தோஷம் வேறு பட்டாள். போடாத ஊசிக்கு எங்கிருந்து காய்ச்சல் வரும்?

அட்டையை ஒரு தடவை வாங்கிப் பார்த்திருக்கலாம். ஐம்பது ஞாயிற்றுக்கிழமை கிடைத்தும் பார்க்கவில்லை. மகளுக்குத் தலை சீவிவிடவும், மீன் ஆய்ந்து குழம்பு வைக்கவும், பக்கத்தில் படுத்து அவள் தலைமுடி வாசனையைப் பிடித்துக்கொண்டு கிடக்கவுமே அந்த ஞாயிறுகள் பத்தவில்லை. தன் வீட்டில் மட்டும் அவளுக்கு நர்சாக இருக்கப் பிடிக்காது. அந்த ஒரு நாளாவது வெறும் அம்மாவாக இருந்துவிட வேண்டும் என்கிற ஏக்கம்.

போதும். இன்றைக்குக் கீரமங்கலத்தை வாங்கிவிட வேண்டும். புவனேஸ்வரியின் முகம் குறுக்கே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவுன்சிலிங் கூடத்தில் ஐம்பது அறுபது செவிலியர்கள் இருந்தார்கள். சுவரில் காலியிடப் பட்டியலைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்கள். கீரமங்கலம் ஒன்பதாவது வரியில் இருந்தது.

முதலில் போன அம்மா, பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். ஒன்பதாவது வரியில் அவர் விரல் நின்றபோது சுகுணா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "பொன்னமராவதி பக்கம்" என்றார் கடைசியில். இரண்டாவது ஆள் வரவே இல்லை.

"சுகுணா, மேலக்குடிப்பட்டி!"

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, மூக்கில் இறங்கிய கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நல்ல மாதிரியான பெண்மணி, காலையிலிருந்து பேசித் தொண்டை கட்டியிருந்தது. "எந்த இடம்மா?"

"கீரமங்கலம், மேடம்."

"குடுத்துடலாம். உங்க இடத்துக்கு யாரும் விருப்பம் எழுதிக் குடுக்கலையே? பரவாயில்ல, பக்கத்து சென்டர்ல பொறுப்பை ஒப்படைச்சிடுங்க. அடுத்த புதன்கிழமைக்குள்ள புது இடத்துல சேரணும். சேரலைன்னா ஆர்டர் ரத்தாயிடும். சம்மதமா?"

"மேடம், எங்க ஊருப் பொண்ணு ஒண்ணு ட்ரெயினிங் போகுது. அது முடிச்சிட்டு வர்ற வரைக்கும் அங்க நிரந்தரமா ஒரு ஆளு…"

"எல்லா ஊர்லயும்தான் கேக்கறாங்க. ஆளு இருந்தா நான் ஏன் போடாம இருக்கேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. "நீங்க வேணும்னா இருங்களேன். வேண்டாம்னு எழுதிக் குடுங்க, அடுத்த ஆளைக் கூப்பிடறேன். அதுவும் உங்க இஷ்டம்தான்."

இரண்டு காகிதங்களை அவள் பக்கம் நகர்த்தினார். ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு.

சுகுணா பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரே ஒரு முறை புவனேஸ்வரியை நினைத்தாள். ஆறாயிரம் தடவை இலக்கியாவை நினைத்தாள். சம்மதத்தில் கையெழுத்துப் போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் காகிதத்தை அதிகாரி பக்கம் நகர்த்திவிட்டாள்.

வெளியே சிமெண்டு பெஞ்சில் அமிர்தவல்லியும் இலக்கியாவும் காத்திருந்தார்கள். வரச் சொல்லவில்லை, வந்திருந்தார்கள். இலக்கியா பள்ளிச் சீருடையில் இருந்தாள். அரை நாள் லீவு போடவைத்துக் கூட்டி வந்திருக்கிறாள் அத்தைக்காரி. மடியில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரம்.

"கெடைச்சிருச்சு அண்ணி."

"என் ராசாத்தி!" அமிர்தவல்லி அவள் தலையில் பூவை வைக்கப் போனவள், வைக்க முடியாமல் அழுதுவிட்டாள். "இந்தப் பிள்ளைக்கு நான் எல்லாம் செய்யலாம். ராத்திரி தூக்கத்துல அம்மான்னு கூப்புடும்போது மட்டும் எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியாது சுகுணா."

சுகுணா பெஞ்சில் உட்கார்ந்து மகளை மடிக்கு இழுத்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாப்பா, போன வருஷம் ஸ்கூலுக்கு ஊசி போட வந்தாங்கல்ல, ஆரோக்கியம் பெரியம்மா? ஒனக்குப் போட்டாங்களா?"

இலக்கியா தரையைப் பார்த்தாள்.

"திட்ட மாட்டேன். சொல்லு."

"போடல."

"ஸ்கூல்ல ஊசி போட்டாங்கன்னு அத்தைகிட்டச் சொன்னியே கண்ணு?" என்று பதறினாள் அமிர்தவல்லி.

"ஆமா. ஸ்கூல்லதானே போட்டாங்க? எல்லாருக்கும் போட்டாங்க. எனக்குப் போட்டாங்கன்னு நான் சொல்லல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுகுணா கேட்டாள். "அப்ப ஒன் கையில பூ இருந்துச்சாமே? அது யாரு போட்டது?"

"நான்தான். பாத்ரூம்ல வச்சு வரைஞ்சேன். ப்ளூ பேனாவால. அஞ்சு இதழு."

"எதுக்குடா தங்கம்? ஊசின்னா அவ்வளவு பயமா?"

இலக்கியா நிமிர்ந்தாள். பயந்தவள் என்று சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பயமெல்லாம் இல்ல. நீ போடுவேன்னு வச்சிருந்தேன்."

"என்னது?"

"ஒன் போன்ல எல்லாப் பிள்ளைங்களும் ஒங்கிட்ட வந்து ஊசி போட்டுக்கிட்டுப் பூவைக் காட்டுறாங்க. நான் கேட்டா, ஊசி போட்டாத்தான் பூன்னு சொல்லுவே. ஆரோக்கியம் பெரியம்மாகிட்ட ஊசி போட்டுக்கிட்டா அப்புறம் ஒங்கிட்ட எப்புடிப் போட்டுக்கிறது? அதான் எனக்குள்ளதை வச்சிருந்தேன். நீதான் ஞாயித்துக்கெழம ஊசியே கொண்டு வர மாட்டேங்குறே."

அமிர்தவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுகுணா மகளை அப்படியே இறுக்கிக்கொண்டாள். ஒரு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்தப் பிள்ளை தன் பையை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறது. மிட்டாய் தேடுகிறது என்று நினைத்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு போனாள் அவள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அடுத்த புதன்கிழமை, ஒன் பொறந்த நாளுக்கு முந்தியே, நம்ம ஊருல நான் ஊசி போடுவேன்" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "வரிசையில நீதான் மொத ஆளு. ஊசி ஒனக்கு, பூவும் ஒனக்கு. சரியா?"

"ரெண்டு கையிலயும் போடணும்."

"ரெண்டு கையிலயும் போடுறேன்."

இலக்கியா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப அந்த ஊருப் பிள்ளைங்களுக்கு இனிமே நீ பூ போட மாட்டேல்ல?"

அவள் கண்ணில் அப்படி ஒரு வெற்றி. முகம் தெரியாத இருநூற்றுப் பதினாலு பிள்ளைகளோடு நான்கு வருஷமாகத் தனியாகப் போட்டி போட்டு, இன்றைக்கு ஜெயித்துவிட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சுகுணா வாயைத் திறந்த நேரம் போன் சிணுங்கியது. புவனேஸ்வரி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். காதில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, கெடைச்சிருச்சா? கெடைச்சிருக்கும். ஒங்களுக்குக் கெடைக்கணும்னு காலையிலயே கோயில்ல போயி நேந்துக்கிட்டேன். பாப்பாகிட்டப் போங்க. சென்டர் சாவியை நானே வாங்கிக்கிறேன். அப்புறம்… திருச்சிக்கு வரலைன்னு முன்னாடியே சொல்லிட்டா, பட்டியல்ல அடுத்து உள்ள பொண்ணைக் கூப்புடுவாங்களாம். அதுவாச்சும் படிக்கட்டும்ல? அஞ்சு மணிக்குள்ள அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடப் போறேன்க்கா."

கதவு வழியே தெரிந்த கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

"சொல்லும்மா" என்று இலக்கியா உலுக்கினாள். "அவங்களுக்குப் போட மாட்டேல்ல?"

சுகுணா மகளின் கையை விடவில்லை. மற்றொரு கையால் புவனேஸ்வரியின் நம்பரை அழுத்தினாள். லைன் பிஸியாக இருந்தது.